பிடிக்காத குழுவையும் காதுகொடுத்துக் கேட்கத்தான் வேண்டுமா? – வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. தென் கொரியாவின் பி.டி.எஸ். என்ற பாப் இசைக்குழுவைக் கொண்டாடுபவர்களும், அதன் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். இரு தரப்பாரும் ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு பக்கத்திலிருந்து கேட்கிறார்கள் என்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (வாசகர், கும்பகோணம்): எனக்கு வயது 52. கோயில் நாகசுரமும் கச்சேரிகளும் கேட்டு வளர்ந்தவன். இளையராஜாவின் பாடல்கள் பெரும்பாலும் எனக்கு மனப்பாடம். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பி.டி.எஸ். தவிர வேறு எதையும் இப்போது கேட்பதில்லை. எனக்கு அது வெறும் இரைச்சலாகவே படுகிறது. அந்தப் பையன்களின் ஒப்பனையும் தலைமுடிச் சாயமும் எரிச்சலூட்டுகின்றன. "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் பாட்டைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். "ஒரு தடவையாவது மனம் திறந்து கேளுங்கள் அப்பா" என்று அதற்கு முன்பு பலமுறை சொல்லியிருக்கிறாள். பிடிக்காத ஒன்றை மனம் திறந்து கேட்பது எப்படி? அப்படிக் கேட்டால் பிடித்துவிடும் என்கிறீர்களா?

பதில்: கேட்டால் பிடித்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படி வாக்குக் கொடுப்பவர்கள்தாம் இந்தப் பேச்சையே கெடுத்துவிடுகிறார்கள். "மனம் திறந்து கேள்" என்பதற்கு "கேட்டு முடித்ததும் என்னோடு சேர்ந்து தலையாட்டு" என்று பொருளென்றால், அதை வற்புறுத்தல் என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் மகள் அந்தப் பொருளில் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் நாளின் பெரும்பகுதி எதில் கழிகிறதோ அதைத் தன் அப்பா ஒருமுறை எட்டியாவது பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருக்கிறாள். உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை என்பது தெரிகிறது. "இரைச்சல்" என்ற ஒரே சொல்லைத் தவிர இசையைப் பற்றி அதில் எதுவும் இல்லை, மற்றவையெல்லாம் ஒப்பனையும் தலைமுடியும்தான்.

முதலில் அந்த இரைச்சலை எடுத்துக்கொள்வோம். உங்கள் காது பொய் சொல்லவில்லை. கீர்த்தனையானாலும் திரைப்பாடலானாலும், பல்லவி என்ற ஓரிடத்திலிருந்து புறப்பட்டு, விரிந்து, மறுபடியும் அந்தப் பல்லவிக்கே வந்து சேரும் ஓட்டத்திற்கு நாற்பது ஐம்பது ஆண்டுகளாகப் பழகிய காது அது. கொரியப் பாப் பாடல் அந்த வழியில் நடப்பதில்லை. மூன்றரை நிமிடத்திற்குள் ராப், மெல்லிய குரலில் சில வரிகள், கோரஸுக்கு ஏற்றிச் செல்லும் ஒரு பகுதி, கோரஸ், பிறகு ஆட்டத்திற்காகவே சொற்களை நிறுத்திவிடும் ஓரிடம் என்று அது பகுதி பகுதியாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். பி.டி.எஸ். பாடலில் இதற்கு மேல் ஏழு பேருக்குள் குரலும் கைமாறிக்கொண்டிருக்கும். ஒரு ராகத்தில் ஊன்றி நின்று அனுபவிக்கப் பழகியவருக்கு, நிற்க இடமே கொடுக்காமல் இழுத்துக்கொண்டு ஓடுவதாகத்தான் அது தோன்றும். மொழியும் புரியாதபோது சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்தொடரவும் வழியில்லை. அந்தத் திணறலுக்கு "இரைச்சல்" என்று பெயர் வைத்துவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது. "குரல் அடிக்கடி மாறுவதால் என்னால் ஒன்ற முடியவில்லை" என்றோ, "தாளம் முன்னால் நிற்கிறது, மெட்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது" என்றோ சொல்லிப் பாருங்கள். இதுவும் பிடிக்கவில்லை என்ற பேச்சுதான், ஆனால் இதற்கு உங்கள் மகள் பதில் சொல்ல முடியும், "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்பதற்கு அவளால் எதுவும் சொல்ல முடியாது.

நீங்கள் நாகசுரம் கேட்டு வளர்ந்தவர் என்று எழுதியிருப்பதால், உங்களுக்கு ஒரு வாசலைக் காட்ட முடியும். இக்குழுவைச் சேர்ந்த சுகா, அகஸ்ட் டி என்ற தனிப்பெயரில் 2020 மே மாதத்தில் "தேச்விதா" என்ற பாடலை வெளியிட்டார். தேச்விதா என்பது கொரியாவின் ஜோசன் அரச காலத்தில் மன்னர் பவனிக்கும் படை அணிவகுப்புக்கும் வாசிக்கப்பட்ட ஊர்வல இசை. அந்த மேளத்தில் யாரெல்லாம் நிற்பார்கள் என்று கேளுங்கள்: ஒரே சுரத்தை நீட்டி ஊதும் நெடிய உலோகக் கொம்பு, அதற்கு மாற்றாக ஒலிக்கும் சங்கு, கைத்தாளம், தொங்கவிட்டு அடிக்கும் பெரிய சேகண்டி, கழுத்தில் மாட்டிக்கொண்டு கொட்டும் முரசு. இவர்கள் நடுவே மெட்டைத் தனியாகத் தாங்கிச் செல்வது தேபியோங்சோ என்ற மரக்குழல். அது வாய்ப்புறம் குறுகிக் கீழே அகலும் குழல். ஊதும் முனையில் நம் சீவாளியைப் போன்ற இரட்டை நாக்கு. அடியில் விரிந்த உலோக வாய். வடக்கே ஷெனாயும், சீனத்தில் சுவோனாவும், தெற்கே நாகசுரமும் எந்தக் குடும்பமோ, இதுவும் அந்தக் குடும்பம்தான். வெட்டவெளியில் கூட்டத்தின் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே பிறந்த அந்தக் கூர்மையான, சற்றே மூக்கால் பேசும் நாதத்தை, திருவிழாக் கூட்டத்தில் நின்று மல்லாரி கேட்டவருக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சுகாவின் பாடலில் அந்த ஊர்வல இசையின் ஒலிகளும், குவெங்குவாரி என்ற சிறிய பித்தளைச் சேகண்டியின் கணீரொலியும் அடித்தளமாக நிற்க, மேலே அவருடைய ராப் ஓடுகிறது. ராப் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் அந்தக் குழலின் ஒலி காதில் விழும்போது, இதைச் செய்தவர் தம் ஊரின் பழைய இசையைக் கேட்டிருக்கிறார், அதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் தம்மோடு எடுத்து வந்திருக்கிறார் என்பது உங்களுக்கு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும்.

இதற்கு அடுத்து "ஐடல்" என்ற பாடலைப் பாருங்கள். பாருங்கள் என்றே சொல்கிறேன், ஏனெனில் இந்தக் குழுவின் கலையில் பாதி ஆட்டம். 2018இல் வந்த இப்பாடல் தென்னாப்பிரிக்காவின் நடனத் தாளத்தின்மேல் கட்டப்பட்டது. அதன் நடுவே "ஒல்சூ" என்று ஒரு கூவல் வரும். பான்சோரி என்ற கொரியக் கதைப்பாட்டில், பாடகர் ஓர் இடத்தை நன்றாகப் பிடித்துவிட்டால் முரசு வாசிப்பவரும் அவையினரும் எழுப்பும் உற்சாகக் குரல் அது. கச்சேரியில் முன்வரிசையிலிருந்து எழும் "பலே"வும் "ஆகா"வும் உங்களுக்கு நினைவுக்கு வரும். அதே ஆண்டு டிசம்பரில் சோல் நகரில் நடந்த மெலன் இசை விருது விழாவில், இந்தப் பாடலுக்கு முன்னுரையாக, சட்டங்களில் தொங்கும் மூன்று முரசுகளிடையே ஆடும் சம்கோமு, விசிறி நடனம், முகமூடி நடனம் ஆகிய மூன்று மரபு நடனங்களையும் குழுவின் ஜே-ஹோப், ஜிமின், ஜங்குக் ஆகியோர் முன்னின்று ஆடினார்கள். நடனக் கலைஞர்கள் பெருங்குழுவாகத் துணை நின்ற அந்த நிகழ்ச்சியைப் பார்த்த பிறகும் "இவர்களுக்கு மரபு தெரியாது" என்று சொல்வது கடினம்.

இளையராஜாவின் சோகப் பாடல்களை நேசிப்பவருக்கு மூன்றாவதாக ஒன்று: 2017 பிப்ரவரியில் வந்த "ஸ்பிரிங் டே". அது தொலைந்துபோன நண்பனைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்ற ஏக்கத்தோடு தொடங்கி, பனிக்காலம் முடிவதற்காகக் காத்திருக்கும் பாடல். 2014 ஏப்ரல் 16 அன்று செவோல் என்ற பயணிகள் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள். அவர்களில் 250 பேர் சுற்றுலா சென்ற ஒரே பள்ளியின் மாணவர்கள், உங்கள் மகளின் வயதினர். கொரியர்கள் பலர் இந்தப் பாடலை அந்தப் பிள்ளைகளுக்கான பாடலாகவே கேட்கிறார்கள். பாடல் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, குழுவினரும் அவர்களுடைய நிறுவனமும் சேர்ந்து அந்தக் குடும்பங்களின் அமைப்புக்கு 10 கோடி வோன் கொடுத்திருந்ததும் தெரியவந்தது. இதைத் தெரிந்துகொண்டு கேட்டாலும் பாடல் உங்களைத் தொடாமல் போகலாம். ஆனால் உங்கள் மகள் எதைக் கேட்டுவிட்டுச் சில சமயம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பது புரியும்.

ஒப்பனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எம்.கே. தியாகராஜ பாகவதரின் தோள் தொட்ட முடியைப் பார்த்து ஊர் ஊராக இளைஞர்கள் "பாகவதர் கிராப்" வைத்துக்கொண்ட நாடு இது. தெருக்கூத்தில் அரிதாரம் பூசிய ஆண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மேடைக்கு வருபவன் முகத்தில் வண்ணம் இருப்பது நமக்குப் புதிதன்று.

இனி உங்கள் மகள். அவளிடம் போய் "எல்லாவற்றையும் கேட்டேன், பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள். அந்த வயதுப் பிள்ளைகள் பொய்ப் பாராட்டை நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். "உனக்கு மிகவும் பிடித்த ஒன்றைப் போடு, முழுவதும் கேட்கிறேன்" என்று கேளுங்கள். பாட்டு ஓடும்போது கைப்பேசியைப் பார்க்காதீர்கள். முடிந்ததும் உங்களுக்குப் பிடித்த ஓரிடத்தையும் பிடிக்காத ஓரிடத்தையும் உண்மையாகச் சொல்லுங்கள். பிடித்த இடம் ஒன்றும் இல்லையென்றால், "இந்த இடத்தில் உனக்கு என்ன பிடிக்கிறது?" என்று அவளிடமே கேட்டுவிடுங்கள். அவள் சொல்லத் தொடங்கினால் நீங்கள் எழுதிய அந்த மௌனம் கலையும், எனக்கு அதில் ஐயமில்லை.

கேள்வி (கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்): என் தோழியர் எல்லோரும் "ஆர்மி", அதாவது பி.டி.எஸ். ரசிகைகள். எனக்கு அந்தக் குழுவின் பாடல்கள் பிடிக்கவில்லை. அவர்கள் சொன்ன பாடல்களையெல்லாம் கேட்டும் பார்த்துவிட்டேன். "உனக்குக் குறுகிய மனது" என்கிறார்கள். பிடிக்காமல் இருப்பது அவ்வளவு பெரிய குற்றமா?

பதில்: இல்லவே இல்லை. நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள். கேட்டுப் பார்த்த பிறகு வரும் "வேண்டாம்" என்ற சொல்லுக்கு முழு மதிப்பு உண்டு. அதைத் திரும்பப் பெறுமாறு யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. எல்லோரும் கொண்டாடும் ஒன்று தனக்கு ஒட்டவில்லை என்று தனியாக நின்று சொல்வதற்கு, கூட்டத்தோடு சேர்ந்து கொண்டாடுவதைவிடக் கூடுதல் துணிச்சல் தேவைப்படுகிறது. இசை ரசனை என்பது வாக்கெடுப்பில் தீர்மானிக்கப்படும் விஷயமன்று.

ஆனால் உங்கள் "வேண்டாம்" எதைக் குறித்தது என்பதை மட்டும் உங்களுக்குள் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக என் கருத்தைச் சொல்கிறேன். 2020இல் வந்த "டைனமைட்" அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்து இந்தக் குழுவை உலகத்தின் வீடுகளுக்கெல்லாம் கொண்டுசென்றது. முழுக்க ஆங்கிலத்தில் அமைந்த அதை எழுதியவர்கள் பிரிட்டனைச் சேர்ந்த இருவர். அதற்கு அடுத்த ஆண்டு "பட்டர்", "பர்மிஷன் டு டான்ஸ்" ஆகிய இரு ஆங்கிலப் பாடல்கள் வந்தன. மூன்றும் பளபளப்பானவை, திறமையாகச் செய்யப்பட்டவை. என் காதுக்கு மூன்றும் யார் பாடினாலும் பொருந்தக்கூடிய பாடல்கள். இந்தக் குழுவை இந்தக் குழுவாக ஆக்கிய ஊர்ப்பேச்சும் கோபமும் அவற்றில் இல்லை. அதே 2020இன் இறுதியில் பெரும்பாலும் கொரிய மொழியிலேயே அமைந்த "லைஃப் கோஸ் ஆன்" வந்தபோது, பெருந்தொற்றில் நின்றுபோன நாட்களைப் பற்றிய அந்த அடக்கமான பாட்டும் அதே பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. எனக்கு அது எவ்வளவோ மேல். இவ்வாறு பிரித்துச் சொல்ல முடிகிறபோது, ரசிகைகளே பலர் "எங்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது" என்று ஒப்புக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

உங்கள் தோழியர் உங்களுக்குப் போட்டுக்காட்டியவை எந்தப் பாடல்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அவை வானொலியில் புகழ்பெற்ற ஆங்கிலப் பாடல்கள் மட்டுமே என்றால், குழுவைப் பற்றிய உங்கள் முடிவு பாதிக் கேட்டறிந்து எடுத்த முடிவு. விருப்பமிருந்தால் மறுபாதியையும் கேளுங்கள். விருப்பமில்லையென்றால் விட்டுவிடுங்கள், கெட்டுப்போவது ஒன்றுமில்லை. பிறந்தநாள் கூட்டத்தில் தோழியர் அந்தப் பாட்டுக்கு ஆடும்போது ஓரமாக நின்று சலித்துக்கொள்ளாமல் கைதட்டினால் போதும். கைதட்டல் தோழிக்கு, பாட்டுக்கு அன்று.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): இவை எல்லாம் ஒரு நிறுவனம் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஆடப் பாடப் பழக்கி, சந்தைக்கு அனுப்பும் சரக்கு அல்லவா? ஒரு தொழிற்சாலைப் பொருளுக்கு மனம் திறக்க என்ன இருக்கிறது?

பதில்: நீங்கள் சொல்வதில் உண்மையான பகுதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கொரியப் பாப் நிறுவனங்கள் பதின்ம வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுக்கின்றன; பயிற்சி பெறுபவர்களில் பலர் மேடையையே பார்ப்பதில்லை. 2009இல் தோங்பாங்ஷின்கி என்ற குழுவின் மூவர், 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்கள். அதே ஆண்டு கொரிய அரசின் நியாய வணிக ஆணையம், இத்தகைய ஒப்பந்தங்கள் ஏழு ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்று ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட வேண்டியிருந்தது. இந்தத் தொழிலின்மேல் கோபப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கோபத்தைத் தொழிலின்மேலேயே வையுங்கள். அதற்குள் உழைத்து வெளியே வந்த பிள்ளைகள் மேலும், அவர்களைக் கேட்பவர்கள் மேலும் அதைத் திருப்புவதில் நியாயமில்லை.

நிறுவனம் செய்ததாலேயே ஒரு பாட்டு பொய்யாகிவிடும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1959இல் பெர்ரி கோர்டி தொடங்கிய மோட்டவுன் நிறுவனம், கார்த் தொழிற்சாலையில் வேலைபார்த்த அவர் அங்கே கண்ட முறையைப் பாட்டுக்குக் கொண்டுவந்ததுதான். பாடகர்களுக்கு நடக்கவும் உட்காரவும் பேசவும் பழக்கிக்கொடுக்க மேக்சின் பவல் என்ற ஆசிரியை இருந்தார்; ஆட்டம் சொல்லிக்கொடுக்க சோலி ஆட்கின்ஸ் இருந்தார். அங்கிருந்து வந்த சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ் குழுக்களின் பாடல்களை இன்று யாரும் சரக்கு என்று ஒதுக்குவதில்லை. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் திரைப்பாடலே இயக்குநர் சொன்ன காட்சிக்கு இசையமைப்பாளர் மெட்டுப் போட்டு, அந்த மெட்டுக்குக் கவிஞர் சொல் வைத்து, வேறொருவர் பாடி, இன்னொருவர் வாயசைக்கும் கலை. அதைக் கேட்டு அழுதவர்களில் நீங்களும் இருப்பீர்கள், நானும் இருக்கிறேன்.

பி.டி.எஸ். விஷயத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2013 ஜூன் 13 அன்று இவர்கள் அறிமுகமானபோது, இவர்களுடைய நிறுவனம் அந்நாட்டின் பெரிய நிறுவனங்களில் ஒன்றாக இல்லை. குழுவின் ஆர்.எம்., சுகா, ஜே-ஹோப் மூவரும் தொடக்கத்திலிருந்தே தங்கள் வரிகளை எழுதுவதில் பங்குகொண்டவர்கள். 2015 நவம்பரில் வந்த இசைத்தொகுப்பில் "பேப்சே" என்று ஒரு பாடல் உண்டு. நாரையைப் பின்பற்றி நடக்கப் பார்த்தால் பேப்சே என்ற, சிட்டுக்குருவியை ஒத்த சிறு பறவையின் கால் கிழிந்துவிடும் என்பது கொரியப் பழமொழி. கான மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழியைப் பற்றி ஔவை சொன்னதற்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது. அந்தப் பாடல் பழமொழியை அப்படியே திருப்பிப் போடுகிறது. "முயற்சி போதவில்லை" என்று இளைஞர்களைக் குறைசொல்லும் மூத்த தலைமுறையைப் பார்த்து, உங்கள் கால் பிறவியிலேயே நீளம் என்பதை ஏன் மறைக்கிறீர்கள் என்று அது கேட்கிறது. அதே தொகுப்பில் குழுவினர் தத்தம் ஊரைப் பாடும் "மா சிட்டி"யும் இருக்கிறது. குவாங்ஜு நகரத்துப் பிள்ளையான ஜே-ஹோப் அதில் 062-518 என்ற எண்ணைச் சுழற்றச் சொல்கிறார். 062 அந்நகரின் தொலைபேசிக் குறியீடு. 518 என்பது 1980 மே 18. இராணுவ ஆட்சியை எதிர்த்து அந்நகர மக்கள் எழுந்ததும், படையால் சுட்டு வீழ்த்தப்பட்டதும் தொடங்கிய நாள். ஆட்டம் போட வந்த கூட்டத்திடம் அந்த எண்ணைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகும் ஓர் இளைஞனைச் சரக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் ஊரின் இழப்பைத் தேதியாக மனத்தில் சுமப்பது என்னவென்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி (வாசகர், சென்னை): இந்தக் குழுவின் ரசிகர்களில் பெரும்பான்மையோர் பதின்ம வயதுப் பெண்கள். அழகான முகங்களைப் பார்த்து அலறுகிறார்களே தவிர, இசை தெரிந்தா கேட்கிறார்கள்? இதைப் போய் நீங்கள் தீவிரமாக எடுத்துக்கொள்வது வியப்பளிக்கிறது.

பதில்: வந்த கடிதங்களில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். ஒரு குழுவைப் பிடிக்கவில்லை என்பது உங்கள் காதைப் பற்றிய செய்தி. அதைக் கேட்கும் பெண்பிள்ளைகளுக்கு அறிவில்லை என்பது நீங்கள் அறியாத மனிதர்கள்மேல் எழுதும் தீர்ப்பு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு எவ்வளவு எளிதாகத் தாண்டிவிடுகிறோம் என்பதை நாம் கவனிப்பதே இல்லை.

இந்தத் தாண்டலுக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1964 பிப்ரவரியில், பிரிட்டனின் பீட்டில்ஸ் பாப் குழு அமெரிக்காவையும் பிடித்துவிட்ட அதே மாதத்தில், பால் ஜான்சன் என்ற எழுத்தாளர் லண்டனின் நியூ ஸ்டேட்ஸ்மன் வார இதழில் அந்த மோகத்தைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய கோபத்தின் பெரும்பகுதி பாடிய நால்வர்மேல் பாயவில்லை, கேட்ட பிள்ளைகள்மேல் பாய்ந்தது. தொலைக்காட்சியில் தெரிந்த அவர்களுடைய முகங்களையும் உடைகளையும் வருணித்து, அவர்களைத் தம் தலைமுறையிலேயே கடைப்பட்டவர்கள், மந்தமானவர்கள், தோற்றுப்போனவர்கள் என்று எழுதினார். தாமும் தம் நண்பர்களும் பதினாறு வயதில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியைக் கேட்டுக்கொண்டிருந்ததை நினைவூட்டவும் அவர் தவறவில்லை. இதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, 1963 டிசம்பரில், டைம்ஸ் நாளிதழின் செவ்வியல் இசை விமர்சகரான வில்லியம் மேன் அதே பீட்டில்ஸைக் கேட்டு ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அவர் சுரக்கோவைகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் அடுக்குகளை, பிரித்துப் பார்த்தார். ஒரு பாடலின் முடிவில் வரும் கோவை, மாலர் என்ற பெரும் இசைமேதையின் ஒரு படைப்பு முடியும் விதத்தை ஒத்திருப்பதை எடுத்துக்காட்டினார். அவருடைய ஒப்பீடு சற்று மிகையென்று அன்றே சிலர் சிரித்தார்கள்; இருக்கட்டும். அவர் பாட்டைக் கேட்டார், ஜான்சன் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார். இரண்டு கட்டுரைகளில் எது இன்று வெட்கப்படாமல் படிக்கத் தக்கதாக நிற்கிறது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

அன்று அலறிய அந்தப் பெண்பிள்ளைகள், பெரிய விமர்சகர்கள் பலர் வந்து சேர்வதற்கு முன்பே அந்த நால்வரின் பாடல்களில் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டவர்கள். கிரிக்கெட் மைதானத்தில் கத்தும் ஆண்களை நாம் விளையாட்டு ஞானம் இல்லாதவர்கள் என்று சொல்வதில்லையே. ஒரு பாட்டைப் புரிந்துகொள்வதற்காக அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு கொரிய எழுத்துகளைக் கற்கும் பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள். வரிக்கு வரி பொருள் எழுதி நோட்டில் ஒட்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனைகளை வாழ்நாள் முழுவதும் பொருள் தெரியாமலே கேட்டு மகிழ்ந்தவர்கள் நம்மிலேயே எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகளின் உழைப்புக்கு நாம் மரியாதை கொடுத்தாக வேண்டும்.

கேள்வி (பள்ளி மாணவி, மதுரை): எங்கள் பி.டி.எஸ். குழுவைக் குறைசொல்பவர்களுக்கு நாங்கள் எப்படிப் பதிலடி கொடுப்பது?

பதில்: பதிலடி வேண்டாம் அம்மா, பதில் போதும். யாராவது "அந்தப் பாட்டில் குரலுக்கு இயந்திர மெருகு அதிகம்" என்று சொன்னால், அது குறையா இல்லையா என்று அந்தப் பாட்டையே வைத்துப் பேசு. அவர் சொல்வது சரியென்று பட்டால் ஒப்புக்கொள். அதனால் உன் குழுவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவர் உன்னையோ அந்தப் பையன்களின் தோற்றத்தையோ கேலி செய்தால், அது இசைப் பேச்சே இல்லை, விட்டு விலகிவிடு. ரசிகர்கள் பலர் சேர்ந்துகொண்டு ஒரு விமர்சகரை வசைபாடித் துரத்துவதை நானும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் குழுவின் ஒரு பாடலைக்கூட நல்ல மனதோடு கேட்கப் போவதில்லை. அப்பாவின் பழைய பாடல்களை "போர்" என்று நீ ஒதுக்கியிருந்தால், அவற்றிலும் ஒன்றை முழுதாகக் கேட்டுப் பார். அவர் உன்னிடம் என்ன எதிர்பார்க்கிறாரோ அதைத்தான் நீ அவரிடம் எதிர்பார்க்கிறாய்.

கேள்வி (வாசகர், திருநெல்வேலி): எவ்வளவு கேட்ட பிறகு "போதும், இது எனக்கானது இல்லை" என்று விட்டுவிடலாம்?

பதில்: வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த மூன்று நான்கு பாடல்கள். ஒன்றை ரசிகர் ஒருவர் தேர்ந்தெடுக்கட்டும். ஒன்றை அதன் வரிகளின் பொருளைப் படித்துவிட்டுக் கேளுங்கள். ஒன்றை மேடை நிகழ்ச்சியாகப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மாலையில் கேட்டுத் தீர்க்காமல் இடைவெளி விட்டுக் கேளுங்கள். அலுத்த காது எதையும் ஏற்காது. அதற்குப் பிறகும் ஒட்டவில்லையென்றால் தாராளமாக விட்டுவிடலாம். யாராவது கேட்டால், எதைக் கேட்டீர்கள், அதில் எது ஒட்டவில்லை என்று சொல்லுங்கள். அவர் வேறொரு பாடலைக் கேட்கச் சொன்னால், அதன் பெயரை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.